ரோஜாச் செடியடியில் ஒரு டப்பா

"சோளத்துல செஞ்ச டப்பா, மாமா. மண்ணுல போட்டா மூணே மாசத்துல மக்கிடும்," என்றார் மாப்பிள்ளை.

சாப்பாட்டுக் கடைக்கார மாமனார் லேசில் எதையும் நம்பமாட்டார். "வாய்ப்பந்தல் வேண்டாம். மக்கட்டும், அப்புறம் கடைப் பார்சலுக்கெல்லாம் உங்க டப்பாதான்," என்று ஒன்றை ரோஜாச் செடியடியில் புதைத்தார்.

மூன்று மாதம் கழித்து இருவரும் தோண்டினார்கள். முழங்கால் ஆழம் போயும் டப்பாவின் தூள்கூட இல்லை.

"தோத்துட்டேன் மாப்பிள்ளை! நாளைக்கே லோடு அனுப்புங்க."

மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை. தோண்டியதில் அவர் சட்டைப் பொத்தான் அறுந்திருந்தது. அதைத் தைக்க ஊசிநூல் டப்பாவோடு வந்தார் மாமியார்.

இருவரும் அந்த டப்பாவையே உற்றுப் பார்த்தார்கள்.

"என்ன முழிக்கிறீங்க? போன வாரம் செடிக்கு உரம் வைக்கத் தோண்டினப்போ கெடச்சுது. கழுவினேன், புத்தம்புதுசா இருக்கு. இவ்வளவு கெட்டி டப்பாவை எந்த மடையன் மண்ணுல புதைச்சானோ!"