வெள்ளிக்கிழமை பிரிக்கவும்

திரும்பி வரும் புத்தகங்களை மூன்று நாள் தனியே வைத்திருந்துவிட்டுத்தான் அலமாரியில் ஏற்ற வேண்டும் என்பது தொற்றுக்காலத்தில் அந்தக் கல்லூரி நூலகத்துக்கு வந்த விதி. கவுண்டரில் வாங்குகிறவர் அவற்றைச் சணல் கயிற்றால் கட்டி, பிரிக்க வேண்டிய நாளைச் சீட்டில் எழுதிச் செருகிவிடுவார். நூலக ஊழியர் சூசை அண்ணன் கடைசியாகக் கட்டிய கட்டின் சீட்டில் ‘வெள்ளிக்கிழமை பிரிக்கவும்’ என்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கு அவர் இல்லை. அதன் பிறகும் ஐந்து வெள்ளிகள் போய்விட்டன. கருத்தரங்கக் கூடத்து மேஜையில் அந்தக் கட்டு அப்படியே கிடக்கிறது.

இன்று வாசலில் ஓர் ஆய்வு மாணவி நின்றாள்.

“மேடம், நாலாவது தடவையா வர்றேன். புக்கு உள்ளதான் இருக்குன்னு கம்ப்யூட்டர் காட்டுது. நாளன்னைக்குத் தீசிஸ் கொடுக்கணும்.”

அவள் கேட்ட புத்தகம் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது. உதவி நூலகர் வேதவல்லி கூடத்துக்குப் போனாள். கூட வேலை பார்க்கும் பெனாசிர் பின்னாலேயே வந்து கதவருகில் நின்றுகொண்டாள்.

“நீங்களே பிரிங்கக்கா. என்னால முடியாது.”

“பயமா இருக்கா?”

“அவர் கட்டினதாச்சே, அக்கா.”

சுவரில் அந்த வாரத்துப் பணிப்பட்டியல் இன்னும் ஒட்டியிருந்தது. செவ்வாய்க்கிழமை கவுண்டருக்கு நேரே வேதவல்லியின் பெயர் அடிக்கப்பட்டு, மேலே சூசை என்று எழுதியிருந்தது. எழுதியது அவள்தான். “வீட்டுல கைக்குழந்தை இருக்குண்ணே” என்று அன்று சொன்னாள். “அதுக்கென்னம்மா, நான் உக்காந்துக்கறேன்” என்றார்.

கட்டைத் தன் பக்கம் திருப்பினாள். அவிழ்த்து அவிழ்த்து நகம் உடைகிறது என்று அவள் எப்போதோ குறைப்பட்டதிலிருந்து அவர் போடும் முடிச்சுதான் அது. ஒரே இழுப்பில் வந்துவிடும். கயிற்றின் நுனியைப் பிடித்தாள்; இழுக்காமலே விட்டுவிட்டாள்.

பிறகு வாசலுக்கு வந்து, “மூணு நாள் கழிச்சு வாம்மா” என்றாள்.