கணக்கு வாத்தியாருக்கு எழுதி வைத்த இரங்கல் உரை

பக்கத்துப் பேப்பரைக் கழுத்தை நீட்டிப் பார்த்தே பாஸானதால் அவனுக்கு 'ஒட்டகம்' என்று பெயர். இப்போது பழைய மாணவர் சங்கச் செயலாளர். மறைந்த ஆசிரியர், மாணவர்களுக்காகப் பள்ளியில் நடக்கும் நினைவுக் கூட்டத்துக்கு முன்னால் வருஷா வருஷம் கணக்கு வாத்தியாருக்கு போன் போடுவான்.

"சார், சௌக்கியமா?"

"இன்னும் சாகலைடா. போனை வை!"

"சரி சார். உங்க இரங்கல் உரை ரெடியா இருக்கு. அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

இந்த வருஷம் போனே வரவில்லை. தொண்ணூறு வயது வாத்தியாருக்கு மூக்குக்கு மேல் கோபம். கேட்காமலேயே செத்தவர்கள் பட்டியலில் சேர்த்துவிட்டானா? தடியை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கே கிளம்பிவிட்டார்.

மேடையில் புதுப் படம். அதிலும் கழுத்தை நீட்டிக்கொண்டு ஒட்டகம்!

"போன வாரம் தூக்கத்துலயே போயிட்டான் சார்," என்றான் அவனுடன் படித்த தையல்காரன். "நீங்கதான் ரெண்டு வார்த்தை பேசணும். அவன் ஃபைல்ல உங்களுக்கு எழுதினது மட்டும்தான் இருக்கு."

வாத்தியார் அதை வாங்கி, தன் பெயரை வெட்டி, அவன் பெயரை எழுதி, அப்படியே மைக்கில் படித்தார். 'குறி தப்பாமல் சாக்பீஸ் எறிந்தவர்' என்ற இடத்தில் கூட்டம் சிரித்துவிட்டது.

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னடா சிரிப்பு? அவன் எத்தனை பரீட்சையில காப்பி அடிச்சான்! இந்த ஒண்ணை நான் அவனைப் பார்த்துக் காப்பி அடிச்சுக்கறேன்."