அருள்மொழி பிரித்த இடம்

சித்திரை மாத உச்சிவெயில். பாத்திகளில் விளைந்த உப்பின் வெளிச்சம் கிடங்கு அறைக்குள் புகுந்து கம்ப்யூட்டர் திரையின் நீலத்தை வெளிறச் செய்கிறது. அதில் விண்டோஸ் எக்ஸ்பி போட வந்த சித்தார்த்தன் கண் கூசாமல் கையால் மறைத்துக்கொண்டு படிக்கிறான். ஹார்டு டிஸ்க் சி, டி என்று இரண்டாகப் பிரிந்திருக்கிறது. சி ரொம்பச் சின்னது, எக்ஸ்பிக்கு இடம் போதாது. பெரிய பங்கான டி-க்குப் பக்கத்தில் அருள்மொழி என்று ஆங்கிலத்தில் ஒரு பெயர். "யாருங்க இது?" என்கிறான். "எம் பொண்ணு," என்கிறார் உப்பள முதலாளி ராஜாங்கம். "மிஷின் வாங்குன அன்னிக்கே நடுவுல வரப்பு போட்டுட்டா. உன் வேலைக்கு இது போதும்பா, மீதி எனக்குன்னா." சுவரில் அவள் படம் இருக்கிறது. போன டிசம்பரில் சுனாமி அலை கொண்டுபோன அவளுடைய உடல் கிடைக்காததால், படத்துக்கு மாலை போட ராஜாங்கம் இன்னும் விடவில்லை.

சித்தார்த்தன் குரலைத் தாழ்த்துகிறான். "டி-யை அழிச்சி ரெண்டையும் ஒண்ணாக்கணும்ங்க. அதுல ஒண்ணும் இல்ல, மொத்தமும் காலிதான்." அழிப்பதானால் எல், வேண்டாமென்றால் எஸ்கேப் என்று திரை கேட்டுக்கொண்டு நிற்கிறது. மின்விசிறி கிறீச்சிடுகிறது. "காலியாவா இருக்குது?" "ஆமாங்க." ராஜாங்கம் திரைக்கு வெகு அருகில் குனிகிறார். "அப்ப அவ இன்னும் எதுவும் வெக்கல. வெக்க வருவா இல்ல?" உப்பில் வெடித்த விரல் நீண்டு எஸ்கேப்பை அழுத்துகிறது. விசையின்மேல் அவருடைய ரேகை வெள்ளையாகப் படிந்திருக்க, திரையில் மறுபடி அவள் பெயர் வருகிறது. அதற்கு நேரே அத்தனை காலி இடம்.