கடையில் கிடைக்காத தோட்டா

"இந்தத் தோட்டா ஆக்லாந்துல எந்தக் கடையிலயும் கிடைக்காது சார். வாங்குறதுக்கு முன்னாடியே சொல்லிட்டேன். அப்புறம் என்னைத் திட்டக் கூடாது" என்றார் வரதராஜன்.

"திட்ட மாட்டன். அந்தப் பழைய துவக்கையே எடுங்கோ" என்றான் யசீகரன்.

ஆக்லாந்தின் ஒட்டாஹுஹு பகுதியில் இருந்த அந்தத் துப்பாக்கிக் கடையில், தொண்ணூற்றாறாம் ஆண்டில், தமிழ் பேசத் தெரிந்த ஒரே ஆள் திருச்சிக்காரர் வரதராஜன். யசீகரனுக்கு விரி என்ற புறநகரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. சனிக்கிழமை தவறாமல் கடைக்கு வருவான், ரைபிள்களைத் தடவிப் பார்ப்பான், வெறுங்கையோடு போவான். "ஊரில துவக்குச் சத்தத்துக்கு ஓடி வந்தனாங்கள். இவர் இஞ்ச காசு குடுத்து அந்தச் சத்தத்தைக் கேக்க அலையிறார்" என்று அவன் மனைவி உஷா போகிற இடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

வரதராஜன் கண்ணாடிப் பெட்டியின் மேல் மாதிரிக்கு ஒரு தோட்டாவை நிறுத்தி வைத்தார். குள்ளமாக, வயிறு பருத்து இருந்தது. குட்டை மேக்னம் என்பார்கள். நெட்டைத் தோட்டாவின் பலம் முழுவதையும் இந்தக் குள்ளனுக்குள் அடைத்திருக்கிறார்கள்.

"தோட்டா சின்னது, அதனால அடுத்த தோட்டாவை ஏத்த போல்ட் இழுக்குற தூரமும் கம்மி. துப்பாக்கி கனமில்ல, மலையேற சுகம். மானுக்கும் ஆச்சு, அட்டையில குறி பார்த்துச் சுடவும் ஆச்சு. சுட்டா தோள்ல உதை மட்டும் கழுதை உதை."

"உதைக்கட்டும்."

ஒரேயடியாக ஆசையைக் காட்டினால் இந்த ஆளுக்குச் சந்தேகம் வரும் என்று யசீகரனுக்குத் தோன்றியது. ஒப்புக்கு மற்றதையும் கேட்டு வைத்தான்.

"அந்த திரீ-நாட்-எயிட் ரைபிள் என்ன மாதிரி? அதின்ர தோட்டா எல்லாக் கடையிலயும் கிடக்குது."

"அது எதுக்கு சார்? ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் தூக்கிட்டுத் திரியறாங்க. உங்க தோளுக்கு அது ஒத்தே வராது."

புத்தம் புதிய திரீ-நாட்-எயிட்டை விற்கத் தெரியாத வியாபாரியாக இருக்கிறாரே என்று யசீகரன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

"அப்ப தோட்டாவுக்கு நான் எங்க போறது?"

பதில் அவனுக்குத் தெரியும். இன்னொரு முறை காதால் கேட்க வேண்டும் போல இருந்தது.

"போன வாரமே சொன்னேனே. மவுண்ட் ரொஸ்கில்ல இராசநாயகம்னு ஒருத்தர், உங்க ஊர்ப் பக்கந்தான். வீட்டுலயே கையால அடைச்சுக் குடுக்குறாரு. காசு வாங்க மாட்டாரு, ஆனா ஆள் நேர்ல போகணும். அதுவும் ஒரு தடவையில முடியாது. ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஒவ்வொரு அளவு வெடிமருந்து. சுட்டுப் பாக்கணும், திரும்பிப் போகணும், கூட்டிக் குறைச்சு மறுபடி சுட்டுப் பாக்கணும். மாசக்கணக்கா அலைய வேண்டி வரும்."

மாசக்கணக்காக! யசீகரன் அந்தச் சொல்லை மனதுக்குள் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தான்.

இராசநாயகம் அவனுடைய சொந்த அண்ணன். இதைப் பற்றி அவன் வரதராஜனிடம் மூச்சு விடவில்லை.

ஐந்து வருடமாக அண்ணனோடு பேச்சுவார்த்தை இல்லை. காரணத்தை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். துப்பாக்கிக் கிளப்பின் சுடுகளத்தில் இருவரும் அடுத்தடுத்த அட்டைகளைச் சுட்டுக்கொண்டிருந்தபோது யசீகரனின் அட்டையில் ஒரு துளை கூடுதலாக விழுந்திருந்தது. "அண்ணை என்ர மட்டையில சுட்டுப்போட்டார்!" என்று இவன் கத்த, விஷயம் புரிந்து கிளப்பே சிரித்தது; பக்கத்து ஆளின் அட்டையைச் சுடுவது அங்கே பெரிய கேவலம். "நான் சுடேல்ல" என்றார் அண்ணன். "சுட்டனீங்கள்" என்றான் தம்பி. "சுடேல்ல எண்டுறன்!" என்று துவக்கைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். நவராத்திரிக்கு எல்லோருக்கும் ஒரே மண்டபம். பெண்சாதிமார் இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து ஊர்க்கதை கதைப்பார்கள். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு மூலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

அண்ணன் பக்கத்தில் படுத்துக் குறி பார்க்காத நாளில் இருந்து யசீகரன் சுடுகளத்துக்கே போகவில்லை. "மூச்சை விடடா, பிறகு அமத்து" என்று காதோரம் சொல்லும் அந்தக் குரலுக்கு அப்படி ஏங்கினான். ஆனால் சும்மா போய்க் கதவைத் தட்ட ரோசம் விடவில்லை. இப்போது போய் நிற்க ஒரு சாட்டு கிடைத்துவிட்டது. தோட்டாவுக்கு என்று வந்து நிற்பவனை அண்ணன் எப்படி விரட்டுவார்? மன்னிப்பும் வேண்டாம், மண்ணாங்கட்டியும் வேண்டாம். தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டு துப்பாக்கி லைசென்ஸை எடுத்துக் காட்டினான்.

வரதராஜன் சொன்ன விலையைக் கேட்டதும் அவனுக்கே கூச்சமாகிவிட்டது.

"இந்த விலைக்கு நல்ல சைக்கிள் கூட வராதே! ஆர் இதை விக்கக் குடுத்தது?"

வரதராஜன் தலையைச் சொறிந்தார். "சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு சார்."

"சொல்லுங்கோ. நான் ஒருத்தரிட்டையும் கதைக்க மாட்டன்."

"அந்த இராசநாயகம்தான் சார். இதை எங்கேயோ தேடிப் பிடிச்சு வாங்கி, தோட்டா அடைக்கிற அச்சையும் போன மாசந்தான் வரவழைச்சாரு. 'சனிக்கிழமையில என் தம்பி வருவான், இதைத் தவிர வேற எதையும் அவனுக்கு வித்துடாதே'ன்னு என் கையைப் பிடிச்சுக் கெஞ்சினாரு."