மாற்றிச் சொன்ன சொல்

"என்ர தங்கச்சியை அடக்கம் பண்ணிப் பத்து நாள். இந்த டொக்டர்தான் கொலைகாரி எண்டு அவவுக்குச் சொல்லுங்கோ பிள்ளை!"

பத்திநாதர் மேசையில் ஓங்கி அடித்தார். டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் குசினிகளில் சமைத்து இருபது வருடம் பழகிய பிரெஞ்சு அவருடைய கோபத்துக்குப் போதவில்லை. அதனால்தான் கிளினிக்கின் தமிழ் மொழிபெயர்ப்பாளர் செல்வமலர் நடுவில் இருந்தாள்.

எதிரே மனநல டொக்டர் எலிசா. அவரிடம் மாதக்கணக்காக வந்துபோன கிருபானந்தன்தான், அந்த 2005 மாசியில், பார்க் எக்ஸ்டென்ஷன் வீட்டில் தன் மனைவியும் பத்திநாதரின் தங்கையுமான மாக்கிரட்டைக் குத்திக் கொன்றவன்.

"ஒராளைக் கொல்லுவன் எண்டு நோயாளி சொன்னா, அந்த ஆளுக்கும் பொலிசுக்கும் டொக்டர் சொல்லலாம் எண்டு சட்டம் இருக்காம். பிறகேன் இவ சொல்லேல்லை? கேளுங்கோ!"

செல்வமலர் கேட்டாள்.

எலிசாவின் கண்கள் சிவந்திருந்தன. "அப்படி ஒரு சொல் என் காதில் விழுந்திருந்தால் அந்த நிமிடமே மாக்கிரட்டுக்கு போன் எடுத்திருப்பேன். விழவில்லை."

இதைத் தமிழில் சொல்ல செல்வமலர் பத்திநாதர் பக்கம் திரும்பினாள்.

"என்னவாம்?"

"தன்ர காதில விழேல்லையாம் அண்ணை." "உண்மைதான். விழாமல் பண்ணினது நான்."

பத்திநாதர் விளங்காமல் பார்த்தார்.

"'மாக்கிரட்டைக் கொன்றுபோட்டுத்தான் ஓய்வன்' எண்டு கிருபானந்தன் டொக்டருக்கு முன்னால தமிழில சொன்னவர். நான் அதைப் பிரெஞ்சில 'மனிசியில சரியான கோவம்' எண்டு மாத்திப்போட்டன்."

"பாவி! ஏன்?"

"அண்டைக்கு உள்ள போக முதல் மாக்கிரட் வாசல்ல வைச்சு என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதவ. 'அவர் என்ன சொன்னாலும் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ அக்கா. பொலிஸ் வந்தா எனக்குப் போக ஒரு இடமும் இல்லை' எண்டவ."

"இடமில்லையோ? கர்க்லாண்டில என்ர வீட்டில நாலு அறை சும்மா கிடக்கு!"

"அங்கதான் அதுக்கு முதல்நாள் வந்தவவாம் அண்ணை. கழுத்தில காயத்தோட."

மேசையில் இருந்த அவர் கை மெல்லக் கீழே இறங்கியது.

"'பொலிசிட்டப் போய் என்ர மானத்தை வாங்கினா இந்த வாசலை மிதியாதை' எண்டு சொல்லி, நீங்கள்தானாம் காரில கொண்டுபோய் திரும்ப அவரிட்டையே விட்டனீங்கள்."

எலிசா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன பேசுகிறீர்கள்? எனக்கும் சொல்."

சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. நீதிமன்றம் ஏறவேண்டி வரும். சொன்னாலும் மாக்கிரட் எழும்பி வரப்போவதில்லை.

செல்வமலர் டொக்டர் பக்கம் திரும்பினாள். முதலில் தன் பிழையைச் சொன்னாள். ஒரு எழுத்துக்கூடக் குறைக்கவில்லை. பிறகு மாக்கிரட் வாசலில் அழுததைச் சொன்னாள். பிறகு, "அதற்கு முதல் நாள்..." என்று தொடங்கினாள்.

அவ்வளவு பிரெஞ்சு பத்திநாதருக்கு விளங்கும். எட்டி அவள் கையைப் பிடித்தார்.

"அதை மட்டும் சொல்லாதேங்கோ பிள்ளை. வெளியில தெரிஞ்சா, நான் எப்பிடிச் சனத்தின்ர முகத்தில முழிக்கிறது?"