ஒன்பதாவது இருக்கை

"இருக்கறது ஒன்பது சீட்டும்மா. ஒன்பதாவது என்னோடது. விதின்னா விதிதான்!"

எரிமலைக் கண்காணிப்பு அதிகாரி குரோநுமா ஹெலிகாப்டர் தளத்தில் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னார். நாளை டோக்கியோவில் அவருக்குப் பாராட்டு விழா. பதினாறு பக்க ஏற்புரை கக்கத்தில் இருந்தது.

எதிரே, கர்ப்பிணி மருமகள் நத்சுயோவைத் தாங்கிப் பிடித்தபடி இசோகோ நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் இருபதே நாள். தீவில் பிரசவம் பார்க்க ஆள் கிடையாது. கப்பல் கரை தொட்டு ஆறு நாளாயிற்று. நாளை முதல் புயல். இன்றைக்கு விட்டால் அடுத்தது எப்போது என்று கடலுக்குத்தான் தெரியும். மற்ற எட்டுப் பயணிகளும், தாங்களும் சிகிச்சைக்குத்தான் போகிறோம் என்று, கேட்பதற்கு முன்பே ஆஸ்பத்திரிச் சீட்டை நீட்டிவிட்டார்கள்.

"வலி எடுத்தா அவசர ஹெலிகாப்டர் வரும்மா."

"புயல்ல எப்படிங்க வரும்?"

"விண்ணப்பிச்சுப் பாருங்க."

நத்சுயோ மாமியாரின் தோளைப் பற்றிக்கொண்டாள். "பயமா இருக்கு அத்தை. அவரு வழியனுப்பக்கூட வரலையே?"

"வேலையா இருக்கான். நீ மூச்சை நல்லா இழுத்து விடு."

"பொண்டாட்டியைவிடப் பெரிய வேலையா? நல்ல பையனைப் பெத்தீங்க!" என்று சிரித்தார் குரோநுமா.

அப்போது அவருடைய கைப்பேசி அலறியது. திரையில் நிலநடுக்கக் கோடு துள்ளிக்கொண்டிருந்தது. அதிர்வை அளக்கும் கருவி இருப்பது ஊர் மன்றத்தின் பின்னறையில். ஏசி உள்ள அறை என்று அவர்தான் அங்கே வைத்தார். "அங்க வேண்டாங்க" என்று ஊரே சொன்னபோது, "உங்களுக்கு விஞ்ஞானம் தெரியுமா?" என்று வாயை அடைத்துவிட்டார்.

"மலை அசையுது!" அவர் முகம் வெளுத்தது. "நான் உடனே கிளம்பணும்!"

"கிளம்பலாமா ஐயா?" இசோகோ பணிவாகக் கேட்டாள். "மலை அசைஞ்சா அதிகாரி தீவை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே கொட்டை எழுத்துல எழுதி ஒட்டினீங்க? ஏழாவது விதி."

எட்டுப் பேரும் அவரையே பார்த்தார்கள். ஹெலிகாப்டரின் விசிறி சுழலத் தொடங்கியது. கோடு மறுபடி துள்ளியது.

குரோநுமா கக்கத்து ஏற்புரையை ஒருமுறை பார்த்தார். பிறகு குரலை மேடைக்கு ஏற்றினார். "கடமைதான் பெரிசு! அந்தப் பொண்ணை ஏத்துங்க. நான் இந்த மலையோட நிக்கிறேன்!"

ஹெலிகாப்டர் கடலுக்கு மேலே புள்ளியாகும்வரை இசோகோ பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு சற்றுத் தள்ளிப் போய், தன் கைப்பேசியில் இரண்டே வார்த்தை சொன்னாள். "பறந்தாச்சு. போதும்."

கோடு நேராகப் படுத்துக்கொண்டது.

"பாத்தீங்களா!" குரோநுமா துள்ளினார். "நான் நிக்கிறேன்னு தெரிஞ்சதும் மலையே அடங்கிடுச்சு!"

ஊர் மன்றத்தில், பின்னறைச் சுவரோடு ஒட்டி நிறுத்தியிருந்த திருவிழாப் பெருமேளத்தின் மேல் குச்சிகளை வைத்துவிட்டு, கொப்புளம் போட்ட உள்ளங்கையை ஊதிக்கொண்டிருந்தான் நத்சுயோவின் கணவன்.