நேற்று வந்த நர்ஸ்

தீக்காயம் பட்ட காலுக்குக் கட்டு மாற்றி முடிந்த பிறகுதான், கண்ணை மூடியிருந்த துண்டை வெல்டர் விலக்கினார்.

“நேத்து வந்த நர்ஸ் உயிரையே எடுத்துட்டாங்க சிஸ்டர். உங்களுக்கு நல்ல கைராசி. அஞ்சே நிமிஷத்துல முடிச்சிட்டீங்க.”

முகக்கவசத்துக்குள் நர்ஸ் சிரித்தார். “நேத்து அவ்வளவு வலியா?”

“இருபத்தஞ்சு வருஷமா நெருப்போட பழகுறவன் நான். வலியப் பத்தி எனக்குத் தெரியாதா? நாளைக்கு அந்தம்மாவ மட்டும் அனுப்பிடாதீங்க.”

“சரிங்க, சொல்லிடறேன்.”

வெளியே காத்திருந்த மனைவி நர்ஸை நிறுத்தினார். “ஏம்மா, நேத்தும் நீங்கதானே வந்தீங்க?”

“ஆமாக்கா. நேத்தும் கண்ண மூடிக்கிட்டதால அவருக்கு அடையாளம் தெரியல. நேத்து முழங்கால்ல ஆரம்பிச்சு, புண் ஆழமா இருக்கிற கணுக்கால்ல முடிச்சேன். பத்து நிமிஷம். இன்னைக்குக் கணுக்கால்ல ஆரம்பிச்சு, ஆறிட்டு வர்ற முழங்கால்ல மெதுவா முடிச்சேன். அரை மணி நேரம். கடைசியா எப்படி இருந்துச்சோ, அதுதான் மனசுல நிக்கும்.”

“அவர் கத்துனது என்னமோ ரெண்டு நாளும் ஒரே மாதிரிதான் கேட்டுச்சு” என்றபடி மனைவி உள்ளே போனார்.

வெல்டர் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

“வெளியில இருந்து கவனிச்சியா? இன்னைக்கு நான் வாயே தொறக்கல.”